வழி தவறியதா, வழி கண்டதா? நெட்டைக்காலி கற்றுத்தரும் பாடம்

வலசை போதல் பற்றி வகுப்பில் சொல்லும்போது நாம் வழக்கமாக ஒரு வரைபடம் வரைவோம். வடக்கே ஓர் இடம், தெற்கே ஓர் இடம், நடுவே ஓர் அம்புக்குறி. குளிர் தொடங்கினால் பறவை அம்புக்குறி வழியே தெற்கே போகும், வெயில் வந்தால் அதே வழியே திரும்பும் என்று சொல்லிப் பாடத்தை முடிப்போம். மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் பெறுவார்கள்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் உலகின் ஏதாவது ஒரு மூலையில், அந்த அம்புக்குறிக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்தில் ஒரு சிறு பறவை வந்து இறங்குகிறது. அதன் இனத்தில் மற்றவை எல்லாம் ஒரு திசையில் போயிருக்க, இது மட்டும் வேறு திசையில் வந்திருக்கிறது. இதைப் பார்ப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். நான் பார்த்தது உண்மையிலேயே அந்தப் பறவைதானா? அப்படியென்றால் அது ஏன் இங்கே வந்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் முறையில் நம் வகுப்பறைக்குத் தேவையான அறிவியல் நிறைய இருக்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக, நம் ஊர் வயல்களுக்கும் வந்து போகும் ஒரு பறவையைப் பார்ப்போம்.

நெட்டைக்காலிகள்

அறுவடை முடிந்த வயலிலும் குளத்தங்கரைப் புல்வெளியிலும் விளையாட்டுத் திடலின் ஓரத்திலும் தரையில் குடுகுடுவென ஓடி, சட்டென்று நின்று, நிமிர்ந்து பார்க்கும் பழுப்பு நிறச் சிறு பறவையைப் பலரும் பார்த்திருப்போம். சிட்டுக்குருவி என்றோ வானம்பாடி என்றோ நினைத்துக் கடந்திருப்போம். கால்கள் நீளமாக இருப்பதால் இதற்கு நெட்டைக்காலி என்று பெயர். வாலாட்டிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாடும் பறவைகள் என்னும் பெரும் பிரிவில் அடங்குவது.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் இருப்பது வயல் நெட்டைக்காலி. ஏறக்குறைய 15 செ.மீ. நீளம் இருக்கும். குளிர்காலத்தில் இதன் உறவினர் ஒன்று வெளியிலிருந்து வரும். அதன் பெயர் ரிச்சர்டு நெட்டைக்காலி. 17 முதல் 18 செ.மீ. நீளம் உடையது. சைபீரியா, மங்கோலியா, வட சீனப் புல்வெளிகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வருவது. நம் கரும்பலகை அம்புக்குறி இதற்குச் சரியாகப் பொருந்தும்.

இப்போது பெயரைக் கவனியுங்கள். ஆசியப் பறவைக்கு ரிச்சர்டு என்ற ஐரோப்பியப் பெயர் எப்படி வந்தது? ரிச்சர்டு என்பவர் பிரான்சு நாட்டின் லூனேவில் என்ற ஊரைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர். வியேயோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர் 1818ஆம் ஆண்டு இந்தப் பறவையை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்து, ரிச்சர்டின் பெயரைச் சூட்டினார். அவர் விவரித்தது பிரான்சில் கிடைத்த பறவையை. அதாவது, இந்த இனம் அறிவியல் உலகுக்கு அறிமுகமானதே தன் வழக்கமான எல்லைக்கு வெகு தொலைவில் வந்து சேர்ந்த ஒரு பறவையால்தான்.

ஏன் திசை மாறுகின்றன?

சிறு பாடும் பறவைகளில் பல இரவில் பறக்கின்றன. முதல் ஆண்டுக் குஞ்சுகள் பல இனங்களில் தாய் தந்தையின் துணையின்றித் தனியே பயணம் செய்கின்றன. வழி சொல்ல ஆள் இல்லை. அப்படியானால் திசை எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை விடை தந்தது. பெர்டெக் என்ற டச்சு ஆய்வாளர் நெதர்லாந்தின் ஹேக் நகர்ப் பகுதியில் வலசை வந்த ஸ்டார்லிங் பறவைகளை (இவை நம் மைனாவின் உறவினர்கள்) 11,000க்கும் மேல் பிடித்து, காலில் வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடுவித்தார். முடிவுகளை 1958இல் வெளியிட்டார். ஏற்கெனவே பயணம் செய்து பழகிய பெரிய பறவைகள் இடம் மாறியதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு, தங்கள் வழக்கமான குளிர்கால இடமான வட பிரான்சு, தென் இங்கிலாந்து பக்கம் போயின. முதன்முறை பயணம் செய்த இளம் பறவைகளோ, நெதர்லாந்தில் இருந்தால் எந்தத் திசையில் பறந்திருக்குமோ அதே திசையில் பறந்து, தென் பிரான்சு, ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இளம் பறவை ஒரு திசையையும் ஏறக்குறைய எவ்வளவு தூரம் என்பதையும் பிறப்பிலேயே பெற்று வருகிறது. இடத்தைப் பற்றிய அறிவு அனுபவத்தால் பின்னர் வருகிறது. ஆகவே இளம் பறவையின் பயணத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் அது வேறோர் இடத்துக்குப் போய்விடும். அந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, காற்று. பறந்துகொண்டிருக்கும்போது புயலோ பலமான பக்கக்காற்றோ அடித்தால் சில கிராம் எடையுள்ள உடலால் எதிர்த்து நிற்க முடியாது.

இரண்டாவது, பிறப்பில் பெற்ற திசையிலேயே மாறுபாடு இருப்பது. எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரம் ஒன்றாக இல்லாததுபோல, எல்லாப் பறவைகளுக்கும் உள்ளார்ந்த திசை ஒன்றாக இருப்பதில்லை. சிலவற்றில் அது பெரிதும் விலகியிருக்கும். தென்கிழக்கே போக வேண்டியது தென்மேற்கே போவதும் உண்டு.

மூன்றாவது, திசைகாட்டியில் குழப்பம். பறவைகள் சூரியனையும் விண்மீன்களையும் புவியின் காந்தப்புலத்தையும் கொண்டு திசை அறிகின்றன. பறவைகளுக்குக் காந்தத் திசையுணர்வு உண்டு என்பதை 1960களில் ஜெர்மனியின் வில்ச்கோ, ராபின் பறவைகளைக் கொண்டு காட்டினார். அமெரிக்காவில் பல்லாண்டுகள் சேர்த்த வளையமிடல் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, புவிக் காந்தப்புலம் கலங்கும் காலங்களில் இலையுதிர்காலப் பறவைகள் எல்லை தாண்டிக் காணப்படுவது கூடுகிறது என்று கண்டறிந்தது.

நான்காவது, மனிதர். கப்பலில் ஏறி வரும் பறவைகளும் உண்டு. கூண்டிலிருந்து தப்பி வரும் பறவைகளும் உண்டு. இவை வலசைக் கணக்கில் சேரா. எனவே புதுப்பறவை என்றதும் இந்த வாய்ப்பையும் யோசிக்க வேண்டும்.

பிரான்சில் கிடைத்த விடை

மீண்டும் ரிச்சர்டு நெட்டைக்காலிக்கு வருவோம். ஐரோப்பாவில் நெடுங்காலமாக இது எப்போதாவது வரும் விருந்தாளி. வந்தவை வழி தவறியவை, திரும்பிப் போகாமல் அங்கேயே மடிந்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் பறவை ஆர்வலர்கள் தொடர்ந்து எழுதிவைத்த குறிப்புகளில் ஒரு மாற்றம் தெரிந்தது. இலையுதிர்காலத்தில் மட்டுமல்லாமல் குளிர்காலம் முழுவதும் தென் பிரான்சு போன்ற இடங்களில் இவை தங்கத் தொடங்கியிருந்தன.

பால் துஃபூர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது. இவை வழி தவறியவை என்றால், வருபவை பெரும்பாலும் முதல் ஆண்டு இளம் பறவைகளாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே பறவை திரும்பி வரக் கூடாது. பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. குளிர்காலத்தில் தங்கியவற்றில் வளர்ந்த பறவைகள் இருந்தன. ஒரே இடத்துக்கு மறு ஆண்டும் வந்த பறவைகள் இருந்தன.

இன்னும் உறுதியான சான்றுக்காகச் சில பறவைகளின் முதுகில் ஒளியைப் பதிவுசெய்யும் மிகச் சிறு கருவியைப் பொருத்தினார்கள். இந்தக் கருவி வேலை செய்யும் விதம் புவியியல் ஆசிரியருக்கு இனிப்பான செய்தி. அது ஒளியின் அளவையும் நேரத்தையும் மட்டுமே குறித்துவைக்கும். பகல் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து அட்சரேகை தெரியும். நண்பகல் எப்போது என்பதிலிருந்து தீர்க்கரேகை தெரியும். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு 15 பாகை என்று நாம் வகுப்பில் போடும் அதே கணக்குதான். ஆனால் இந்தக் கருவி செய்தி எதையும் அனுப்பாது. அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் பதிவு கைக்குக் கிடைக்கும்.

அடுத்த குளிர்காலத்தில் கருவியோடு ஒரு பறவை திரும்பக் கிடைத்தது. அது கோடையைச் சைபீரியாவின் தென்மேற்குப் பக்கத்தில் கழித்துவிட்டு, மீண்டும் பிரான்சுக்கே வந்திருந்தது. இவ்வாய்வு 2021இல் வெளியானது. தற்செயலாக வந்து மடியும் பறவைகள் அல்ல, இவற்றில் சில கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரு புதிய வலசைப் பாதையையே அமைத்துக்கொண்டவை என்பது அதன் முடிவு. புவி வெப்பமடைவதால் தென் ஐரோப்பியக் குளிர்காலம் இப்பறவைக்கு முன்பைவிட ஏற்றதாக மாறியிருப்பதும் இதற்கு உதவியிருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இப்படி நடப்பது இது ஒன்றே அன்று. மத்திய ஐரோப்பாவில் வாழும் கருந்தொப்பிக் கதிர்க்குருவிகள் வழக்கமாகத் தென்மேற்கே மத்தியதரைக் கடல் பக்கம் போகின்றவை. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவற்றில் ஒரு பகுதி வடமேற்கே பிரிட்டனுக்குப் போகத் தொடங்கியது. ஜெர்மனியின் பெர்ட்ஹோல்டும் குழுவினரும் பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகளைப் பிடித்து வளர்த்து, அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளைச் சோதித்தார்கள். பிரிட்டனையே பார்த்திராத அந்தக் குஞ்சுகளும் கூண்டுக்குள் அதே மேற்குத் திசையை நோக்கியே தாவின. 1992இல் வெளியான இச்சோதனை, புதிய திசை மரபு வழியே இறங்குகிறது என்பதைக் காட்டியது. பிரிட்டன் வீட்டுத் தோட்டங்களில் மக்கள் வைக்கும் தீனி அப்பறவைகள் குளிரைத் தாங்க உதவுகிறது.

பரிணாமப் பாடத்தில் மாறுபாடு, இயற்கைத் தேர்வு என்ற சொற்களை எழுதிப் போடுகிறோம். அவற்றுக்கு நம் காலத்திலேயே நடந்த எடுத்துக்காட்டு இது. திசை மாறிய பறவைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போன இடம் தற்செயலாக வாழத் தகுந்ததாக இருந்து, திரும்பி வந்து குஞ்சு பொரித்தால் மட்டுமே பிழை என்று நாம் நினைத்தது வழியாக மாறும்.

"டீச்சர், புதுசா ஒரு குருவி!"

இனி நம் பள்ளிக்கு வருவோம். ஒரு மாணவி காலையில் ஓடிவந்து, "டீச்சர், நம்ம கிரவுண்டுல புதுசா ஒரு குருவி வந்திருக்கு, புத்தகத்துல அது இல்ல" என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு முன்னால் இரண்டு எளிய வழிகள் உண்டு. "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, போய் உட்காரு" என்பது ஒன்று. "அப்படியா, அருமை!" என்று பாராட்டிவிட்டு மறந்துவிடுவது இன்னொன்று. முதலாவது அவள் கண்ணை மூடிவிடும். இரண்டாவது, பார்த்ததாகச் சொன்னாலே போதும், சான்று வேண்டியதில்லை என்று கற்றுக்கொடுத்துவிடும். நல்ல வழி மூன்றாவது: "நீ பார்த்ததைச் சொல்லு, எழுதிவைப்போம்."

எழுதும்போது இந்த வரிசை உதவும்.

1. புத்தகத்தையோ கைபேசிச் செயலியையோ திறப்பதற்கு முன்பே எழுத வேண்டும். படத்தைப் பார்த்த பிறகு எழுதினால் படத்தில் உள்ளதெல்லாம் பறவையிலும் இருந்ததாகத் தோன்றும்.

2. நாள், நேரம், இடம், வெளிச்சம், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தது என்பன.

3. அளவைத் தெரிந்த பறவையோடு ஒப்பிட வேண்டும். சிட்டுக்குருவியைவிடப் பெரியதா, மைனாவைவிடச் சிறியதா?

4. அலகு, கால், வால் ஆகியவற்றின் வடிவம். நிறத்தைவிட வடிவம் நம்பத் தகுந்தது.

5. என்ன செய்துகொண்டிருந்தது? ஓடியதா, தத்தியதா? வாலை ஆட்டியதா? என்ன குரல் கொடுத்தது?

6. வேறு யார் பார்த்தார்கள்? அவர்கள் தனியே எழுதியதும் இதுவும் பொருந்துகிறதா?

7. ஒரு படம், அல்லது குரல் பதிவு. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, வழக்கமான விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அது நம் ஊர்ப் பறவையின் குஞ்சாகவோ பெண் பறவையாகவோ இருக்கலாமா? நிறக்குறைபாட்டால் வெளுத்த மைனாவா? கூண்டிலிருந்து தப்பியதா? ஒரே மாதிரி இருக்கும் உறவினரா? வயல் நெட்டைக்காலியையும் ரிச்சர்டு நெட்டைக்காலியையும் எடுத்துக்கொண்டால், இரண்டும் பழுப்புதான், இரண்டுக்கும் மார்பில் கோடுகள்தான். அனுபவம் உள்ளவர்களே அளவு, நிமிர்ந்த நிலை, நீண்ட பின்நகம் ஆகியவற்றோடு, பறக்கும்போது ரிச்சர்டு எழுப்பும் கரகரப்பான உரத்த ஒற்றைக் குரலையும் கேட்ட பிறகே உறுதிசெய்கிறார்கள்.

முடிவை எழுத மூன்று சொற்கள் போதும்: உறுதி, இருக்கலாம், தெரியவில்லை. "தெரியவில்லை" என்று எழுதிய குறிப்பும் முழு மதிப்புள்ள குறிப்பு என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தவறான பெயரோடு ஏறிய ஒரு பதிவு, வரைபடத்தில் இல்லாத பறவையை இருப்பதாகக் காட்டும். உண்மையான பதிவைக் கேலி செய்து தடுத்துவிட்டால், இருக்கும் பறவை இல்லாததாகிவிடும். இரண்டுமே அறிவியலுக்கு இழப்புதான்.

இ-பேர்டு போன்ற பொதுத் தளங்களில் ஓர் இடத்துக்கு வழக்கமில்லாத பறவையைப் பதிந்தால், அப்பகுதியின் தன்னார்வலர்கள் விவரமும் படமும் கேட்பார்கள். இதை அவமானமாக எண்ண வேண்டியதில்லை. பெரிய ஆய்வாளர்களின் பதிவுகளுக்கும் இதே நடைமுறைதான். செயலி சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல், அதை ஒரு யோசனையாக மட்டும் கொள்ளப் பழக்குவோம்.

வழக்கத்தை அறிந்தால்தான் புதுமை தெரியும்

அரிய பறவையைத் தேடி எங்கும் போக வேண்டாம். பள்ளி வளாகத்தில் தினமும் வருபவை எவை என்று தெரிந்தால்தான் ஒரு நாள் வந்தது புதியது என்று தெரியும். அதற்கு உதவும் சில செயல்பாடுகள்:

பறவை நாட்காட்டி (1 முதல் 5 வகுப்பு வரை): ஒரு சார்ட்டில் பன்னிரண்டு மாதங்கள். காகம், மைனா, செம்போத்து போல ஆண்டு முழுவதும் தெரிபவற்றுக்கு ஒரு நிறம். தகைவிலான், பழுப்புக் கீச்சான், ஆறுமணிக்குருவி போலக் குளிர்காலத்தில் வருபவற்றுக்கு வேறு நிறம். முதலில் பார்த்த நாளையும் கடைசியாகப் பார்த்த நாளையும் குறித்துவந்தால் சில ஆண்டுகளில் அது உங்கள் ஊரின் ஆவணமாகிவிடும்.

நூலும் உலக உருண்டையும் (6 முதல் 8 வகுப்பு வரை): உலக உருண்டையில் பைக்கால் ஏரியிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து தென் பிரான்சுக்கும் நூலை இழுத்துப் பிடித்து அளக்கட்டும். உருண்டையின் சுற்றளவு 40,000 கி.மீ. என்று கொண்டு விகிதம் போட்டால், முதலாவது ஏறத்தாழ 5,000 கி.மீ., இரண்டாவது ஏறத்தாழ 7,000 கி.மீ. என்று வரும். நாம் நினைத்த அளவுக்கு வேறுபாடு பெரிதில்லையே என்று ஒரு மாணவராவது கேட்பார். அங்கிருந்து உரையாடல் தொடங்கும்.

விலகும் கோணம் (9, 10 வகுப்புகள்): ஒரு புள்ளியிலிருந்து 1 பாகை மட்டும் விலகும் இரு கோடுகளை வரையச் சொல்லுங்கள். 5,000 கி.மீ. போன பிறகு இடைவெளி எவ்வளவு? தாளின் மேல் கணக்கிட்டால் ஏறக்குறைய 87 கி.மீ. வரும். 10 பாகை விலகினால்? முக்கோணவியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில் இது.

பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் மூலம் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே போதும்.

பறவையின் நலம்

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை களைத்திருக்கும். உடலில் கொழுப்பு தீர்ந்திருக்கும். அதற்கு அப்போது தேவை இரையும் ஓய்வும். நாற்பது பேர் சூழ்ந்துகொண்டு துரத்தினால் அதன் கடைசி வலுவும் போய்விடும். எனவே ஐந்தைந்து பேராக, தூரத்தில் நின்று, அமைதியாகப் பார்க்க வேண்டும். அருகே வரவழைக்கக் கைபேசியில் குரலை ஒலிக்கவிடக் கூடாது. பிடிக்கக் கூடாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இதைத் தடுக்கிறது என்பதையும் மாணவர்கள் அறியட்டும். சுவரில் மோதி விழுந்தோ அடிபட்டோ கிடந்தால், காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் வைத்து நிழலில் விட்டு, வனத்துறைக்குத் தெரிவிக்கலாம்.

தென் பிரான்சில் குளிர்காலம் தோறும் வந்த அந்த நெட்டைக்காலிகளைப் பற்றி ஆய்வாளர்கள் கேள்வி எழுப்ப முடிந்ததற்குக் காரணம், ஆய்வு தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே யாரோ சிலர் நாளும் இடமும் குறித்து எழுதிவைத்திருந்ததுதான். அவர்கள் எல்லாரும் விஞ்ஞானிகள் அல்லர். பார்த்தார்கள், ஐயப்பட்டார்கள், சரிபார்த்தார்கள், எழுதினார்கள். இந்த நான்கையும் செய்ய ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். அவை இல்லாத அரசுப் பள்ளி நம்மிடம் இல்லை.